படுக்கையில் இருக்கும் பெரியவர்களும் நம் பொறுப்பும்



சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஆனாலும் சரி, தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் பக்கம் ஆனாலும் சரி, நம் குடும்பங்களில் இன்று ஒரே நிலைமைதான். பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கேரளத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.6 சதவீதம். நாடு முழுவதற்கும் இது 8.6 சதவீதம்தான்.

நான் ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். கீமேன் தினமும் தன் பகுதி முழுவதும் நடந்து, தளர்ந்த சாவியை அங்கேயே அடித்து இறுக்குவார். தண்டவாளம் உடையும் வரை யாரும் காத்திருப்பதில்லை. படுத்த படுக்கையான பெரியவரைப் பார்ப்பதும் இதே வேலைதான் என்பதை நிரூபித்தவர் ஒரு நர்ஸ்.

இங்கிலாந்தைச் சேர்ந்த டொரீன் நார்ட்டன் என்ற அந்த அம்மையார், மருத்துவமனையில் முதியோருக்கு ஏற்படும் தொல்லைகளை ஆராய்ந்து 1962-ல் முடிவுகளை வெளியிட்டார். உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், கைகால் அசைவு, மலஜலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் தலா 4 மதிப்பெண், மொத்தம் 20. பதினான்கோ அதற்குக் கீழோ வந்தால் படுக்கைப் புண் வரும் அபாயம் உண்டு. தடுக்கும் வழி, புண் வரும்முன் நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைப்பது. எதையாவது தடவிக்கொண்டே இருப்பதைவிட அழுத்தத்தை நீக்குவதே முக்கியம் என்றார் அவர். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத கண்டுபிடிப்பு இது!

கேரளம் இந்த விஷயத்தில் பெருமைப்படத்தக்க மாநிலம். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி நிவாரணச் சங்கம் தொடங்கியது. 2008-ல் மாநில அரசே இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. இன்று பஞ்சாயத்து மூலம் பாலியேட்டிவ் நர்ஸ் வீடு தேடி வருகிறார். நம் ஊர்களில் இதைத் தெரிந்துகொள்ளாத குடும்பங்கள் இன்னும் இருப்பது வருத்தத்துக்குரியது.

ஆனால் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. "தூக்கம் குறைஞ்சு போச்சு" என்கிறார் தமிழ்ப் பாட்டி. மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை. உடம்பு இளைத்துவிட்டது என்று நர்ஸ் எழுதிக்கொள்ளலாம். மூணாறில் ஒரு தாத்தா "பனி தாங்க முடியலை" என்றால் குளிரைச் சொல்கிறார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். இரண்டு மொழியும் நெருங்கிய உறவு என்பதாலேயே, புரிந்துவிட்டது என்று இருவரும் நினைத்துவிடுகிறார்கள். நர்ஸ் மீது குற்றமில்லை. குத்துகிறதா, கடுக்கிறதா, எரிகிறதா என்று வலியைப் பிரித்துச் சொல்லத் தாய்மொழிதான் வரும். வயதான காலத்தில் அது மேலும் உண்மை.

1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. மனு எழுதத் தமிழ் செல்லும் என்றால், "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கவும் தமிழ் செல்ல வேண்டாமா? தமிழர் மிகுந்த பஞ்சாயத்துகளில் தமிழ் அறிந்த பாலியேட்டிவ் நர்ஸை நியமிக்குமாறு நாம் கேட்க வேண்டும். அதுவரை, இப்படிக் குழப்பம் தரும் சொற்களைத் தொகுத்து ஒரு தாளில் அச்சிட்டு நர்ஸ்களுக்குக் கொடுக்கலாம். சங்கத்துக்கு இது பெரிய செலவல்ல.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பணம் அனுப்புகிறீர்கள், காற்று மெத்தை வாங்கித் தருகிறீர்கள். நல்லதுதான். ஆனால் மெத்தை தானாக ஆளைப் புரட்டாது. விடுமுறைக்கு வரும்போது, நர்ஸ் வரும் நாளில் கூடவே நின்று, புரட்டும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். வேலைக்கு அமர்த்திய ஆளுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பியது என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். போனில் "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று கேட்பதோடு, "முதுகைப் பார்த்தீர்களா?" என்றும் கேளுங்கள்.

நம் சங்கம் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாக நடத்துகிறது. அதே ஆர்வத்துடன், நம் பகுதியில் படுக்கையில் இருக்கும் பெரியவர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, வீட்டுக்கு ஒரு தொண்டரை நியமித்தால், இங்கே தமிழை வளர்த்த அந்தத் தலைமுறைக்கு நாம் செய்யும் நன்றிக்கடனாக அது இருக்கும். அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதைப் பற்றி முடிவெடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.