தையல் பிரித்தபோது

போன வாரம் ஒரு பைண்டிங் கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். கையில் ஆச்சியின் 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகம். கடையில் வாங்கிய புத்தகமில்லை அது. 'கல்கி' இதழில் வாராவாரம் வந்த பக்கங்களை ஆச்சி பிரித்தெடுத்துச் சேர்த்து, திருநெல்வேலி டவுனில் கட்டி வாங்கியது. எழுபது வருஷத்துக் கட்டு. முதுகுத் துணி இற்றுவிட்டது. முன் அட்டை ஒரே நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு நாலைந்து தாளைப் புரட்டினார். "எல்லாம் ஒத்தைத் தாளா இருக்கும்மா. மடிப்பு இருந்தா நடுவுல ஊசி போடலாம். இதுக்கு ஓட்டை போட்டுப் பக்கவாட்டுலதான் தைக்கணும்" என்றார். பிறகு ஓரங்களை விரலால் தடவிப் பார்த்து, "தச்சு முடிச்சு மூணு பக்கமும் கட்டிங் போட்டுருதேன். புதுசு மாதிரி ஆயிரும்" என்றார்.

"கட்டிங் வேண்டாம் அண்ணாச்சி."

"பிசிறா நிக்குமே."

"நிக்கட்டும்."

அவருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ஆச்சி இருப்பதே அந்த ஓரத்தில்தான். ஒவ்வொரு வாரத்து முதல் பக்கத்திலும் பென்சிலில் ஐந்து வீடுகளின் பெயர்: மேலவீடு, வளவு வீடு, டீச்சர் வீடு, கிணத்தடி வீடு, கடைசியில் 'நாம்'. தெருவுக்கு ஒரே ஒரு 'கல்கி'. ஒவ்வொரு வீடும் படித்து முடித்ததும் தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு. ஐந்து கோடும் விழுந்த பிறகுதான் ஆச்சி பின்னை நிமிர்த்தி, தாளை மடிப்பில் நூல் வைத்து அறுத்து எடுப்பாளாம். காசு கொடுத்து வாங்கியவள் அவள்தான். ஆனால் பட்டியலில் அவள் வீடு எல்லா வாரமும் கடைசி. கிழிபடும் தாள் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்கு அந்த வரிசை. முதல் முறை கட்டியபோதே யாரோ தாராளமாகக் கட்டிங் போட்டிருக்கிறார்கள். பல பக்கங்களில் 'மேலவீ' வரைக்கும்தான் இருக்கிறது. இன்னொரு முறை வெட்டினால் அதுவும் போய்விடும்.

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை வருஷம் வந்தது. முதல் அத்தியாயம் வந்த வாரம் பிறந்த குழந்தை, கடைசி அத்தியாயம் வருவதற்குள் ஓடியாடி வாயாடியிருக்கும். கதை முடிந்த பிறகும் வாசகர்கள் அதை எழுதிய கல்கியை விடவில்லை. அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள் என்று கேட்டார்கள். அவரும் முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அச்சுப் புத்தகத்தில் முதன்முறை படித்தபோது அந்த முடிவுரை எனக்கு வேண்டாத வால் போலத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. மூன்றரை வருஷம் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்துபோன மனிதர்கள் திடீரென்று வராமல் போனால் விசாரிக்கத்தானே செய்வார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஆச்சிக்குக் கண்ணில் புரை. கோடை விடுமுறைக்குப் போனால் பிற்பகலில் வாசித்துக் காட்டுவது என் வேலை. நடுக்கட்டில் ஆச்சி தலைக்குப் பலகை வைத்துப் படுத்திருப்பாள். "ஏட்டி, வாசி" என்பாள். அத்தியாயம் முடிந்து 'தொடரும்' என்று நான் சொன்னதும், "போதும், மூடு."

"ஆச்சி, அடுத்த பக்கத்துலயே இருக்கு."

"இருக்கட்டும். நாங்க ஒரு வாரம் இருந்தோம்லா. நீ நாளைக்கு வரைக்கும் இருக்க மாட்டியோ?"

எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது. புத்தகம் ஆச்சியின் தலைமாட்டுக்குப் போய்விடும். ராத்திரி மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு, அந்த இருட்டில் நின்றவன் யார், அவன் கத்தியை எடுத்தானா இல்லையா என்று நானே கதையை ஓட்டிப் பார்ப்பேன். பக்கத்தில் படுத்திருக்கும் சித்தி மகளிடம் சொல்வேன். அவள் வேறு மாதிரி சொல்வாள். மறுநாள் வாசிக்கும்போது இரண்டு பேர் சொன்னதும் தப்பாக இருக்கும். அன்று முழுக்க அதைப் பற்றியே பேச்சு. பின்னாளில் வேலைக்குப் போன பிறகு, ஐந்து பாகத்தையும் அச்சுப் புத்தகமாக வாங்கி ஒன்பது நாளில் முடித்தேன். கதை முழுக்கத் தெரிந்தது. ஆனால் இன்றைக்கு யாராவது அந்த நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு நினைவில் எழுவது அந்த ஒன்பது நாள் வாசிப்பு இல்லை. மொட்டைமாடியில் தப்பாகச் சொன்ன கதைகள்தான்.

ஆச்சியின் தொகுதியில் இன்னும் நிறைய இருக்கிறது. ஓவியர் மணியத்தின் கோட்டோவியங்கள், இதழில் வந்த அளவில், வந்த இடத்தில். தாளைத் திருப்பினால் அமிர்தாஞ்சன் விளம்பரத்தில் பாதி, யாரோ எழுதிய கட்டுரையின் நடுப்பத்தி, சிரிப்புத் துணுக்கின் முதல் இரண்டு வரி. அந்தத் துணுக்கின் மூன்றாவது வரி என்னவென்று சின்ன வயதில் நான் யோசித்ததுண்டு. தாள் பழுத்துக் காப்பிப்பொடி நிறமாகிவிட்டது. ஆனாலும் ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. அண்ணாச்சி முதுகிலிருந்து பழைய பசையைச் சுரண்டி விரலில் தேய்த்துப் பார்த்தார். "மயில்துத்தம் நல்லாப் போட்டுக் காய்ச்சியிருக்கான். அதான் பூச்சி தொடல. இப்ப யாரு காய்ச்சுதா, எல்லாம் டப்பா கோந்துதான்" என்றார். யாரென்றே தெரியாத அந்தப் பழைய பைண்டருக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

இப்படிக் கட்டிய தொகுதிகளில் மட்டுமே கிடைக்கிற சில விஷயங்கள் உண்டு. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' தினமணி கதிரில் தொடராக வந்தபோது அதன் பெயர் 'காலங்கள் மாறும்'. புத்தகம் மட்டும் வைத்திருப்பவருக்கு அது ஒரு தகவல். கதிரைக் கிழித்துக் கட்டியவர் வீட்டில் அந்தப் பெயர் வாராவாரம் கண்ணெதிரே நிற்கும். சுஜாதா 'குமுத'த்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்று தொடங்கிய தொடர் எதிர்ப்பு கிளம்பியதால் நின்றுபோய், பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறாக வந்தது. நின்றுபோன அந்த வாரங்கள் யாரோ ஒருவர் எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு. 'தில்லானா மோகனாம்பாள்' இன்றும் புத்தகமாகக் கிடைக்கிறது. ஆனால் விகடனில் கோபுலு வரைந்த சண்முகசுந்தரத்தையும் மோகனாவையும் வாரந்தோறும் பார்த்துப் பழகியவர்களுக்கு 1968இல் திரையில் வந்தவர்கள் ஏற்கெனவே தெரிந்தவர்கள்.

ஆச்சி கல்கியின் 'அமரதாரா'வையும் கட்டி வைத்திருந்தாள். ஒல்லியான கட்டு. அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1954 டிசம்பர் 5 அன்று கல்கி காலமானார். மீதியை அவர் மகள் ஆனந்தி எழுதி முடித்தார். ஆச்சியின் தொகுதியில் கல்கி கை விட்ட இடத்தில் ஒரு வெற்றுத் தாள் சேர்த்துத் தைத்திருக்கிறது. அதில் ஒரு எழுத்துகூட இல்லை. அச்சுப் புத்தகம் வாசிக்கிறவருக்கு அந்த இடத்தில் ஒரு குறிப்பு கிடைக்கலாம். ஆச்சி ஒரு தாள் அளவுக்கு நிறுத்தி வைத்தாள். அந்த வெள்ளைத் தாளைப் புரட்டும்போது இப்போதும் என் கை மெதுவாகிவிடுகிறது.

வீடு மாற்றும்போது, பெரியவர்கள் போன பிறகு பரண் சுத்தம் செய்யும்போது, முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவது இந்தத் தொகுதிகள்தான். அச்சுப் புத்தகத்துக்கு இருக்கும் மரியாதை இவற்றுக்கு இல்லை. 'கதைதான் கடையில் கிடைக்கிறதே' என்பார்கள். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். புத்தகம், பத்திரிகை மட்டுமில்லை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. நல்லவேளையாகக் கப்பலேறவில்லை. சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. இன்றைக்குத் தமிழ் அச்சு வரலாறு எழுதுகிற யாரும் அந்த வாசலை மிதிக்காமல் எழுத முடியாது. ஒரு தனி மனிதர் தன் வீட்டில் செய்தது அது. உங்கள் பரணில் ஆச்சியோ அப்பத்தாவோ கட்டிய தொகுதி இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு முறை பிரித்து ஓரங்களைப் பாருங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் அப்படிப்பட்ட ஒரு நூலகத்திடம் கேட்டுப் பாருங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

கடையில் அண்ணாச்சி தையலைப் பிரித்துக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தினார். அச்சுத் தாள்களுக்கு நடுவே, பழைய கட்டிங்கில் படாதபடி ஓரம் மடித்துத் தைத்த ஏழு தாள் கோடு போட்ட நோட்டுத் தாள். "இது என்னம்மா, அளவே சேரல. எடுத்துரட்டுமா?"

அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஆனால் இத்தனை வெளிச்சத்தில், தையலிலிருந்து விடுபட்டுத் தனித்தனியாகப் பார்த்ததில்லை. அந்த வாரம் இதழ் ஏதோ ஒரு வீட்டில் தொலைந்திருக்கிறது. எந்த வீடு என்று ஆச்சி கடைசிவரை சொல்லவில்லை. வேறு தெருவில் யாரிடமோ இரவல் வாங்கி, அந்த அத்தியாயம் முழுவதையும் கட்டைப் பேனாவால் நீல மையில் எழுதி எடுத்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள். எழுத்து ஒவ்வொன்றும் உருண்டையாக, ஒன்றையொன்று தொடாமல் நிற்கிறது. அத்தியாயத் தலைப்பின் கீழே இரண்டு கோடு. முடிவில் மறக்காமல் 'தொடரும்'.

நான்காம் தாளில், படம் வரவேண்டிய இடத்தில், ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டிருந்தாள். அதற்குள் சின்ன எழுத்தில்: 'இங்கே மணியம் படம். குதிரை. மேலே ஒருவன். முகம் அந்தப் பக்கம்.'

அண்ணாச்சி அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். பிறகு அந்த ஏழு தாளையும் தட்டி ஒழுங்குபடுத்தி, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார். நோட்டுத் தாள் மற்றதைவிட அரை இஞ்ச் வெளியே நீண்டு நின்றது.

"இதையும் வெட்டல" என்றார். "அட்டையை அரை இஞ்ச் பெருசாப் போட்டுருதேன்."