கம்மியா ஓடுன ஃபெராரியா? வேணாஞ்சாமி!

"27 வருசத்துல 8000 மைல்தான் ஓடியிருக்கு, ஷெட்டை விட்டு வெளியவே எடுக்கல"ன்னு ஒருத்தர் பழைய ஃபெராரி எஃப்355 விக்கிறாரு. சேமிப்பு மொத்தத்தையும் கொட்ட ரெடியா நம்ம ஆபீஸ் நண்பர். துணைக்கு நான் (விதி!).

"டைமிங் பெல்ட் எப்ப சார் மாத்துனீங்க?"

"வண்டிதான் ஓடவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?"

அடங்கொக்கமக்கா! பெல்ட்டு ரப்பருய்யா, சும்மா நின்னாலும் அதுக்கு வயசாகும். மைலைப் பார்க்காம சில வருசத்துக்கு ஒருமுறை மாத்தியே ஆகணும். அறுந்துச்சுன்னா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கிட்டு இன்ஜின் காலி. இந்த மாடல்ல பெல்ட் மாத்தணும்னா இன்ஜினையே வெளிய இறக்கணும். (அடுத்து வந்த 360ல சீட்டுக்குப் பின்னாடி மூடியைக் கழட்டுனாலே போதும்.)

ஓடாததுக்குக் கூடுதல் விலையாம்! இதென்ன காரா, லாக்கர் நகையா? எனக்கு 50,000 மைல் ஓடி, கத்தை கத்தையா சர்வீஸ் பில்லோட வர்ற வண்டி போதும்.

நண்பர் இன்னும் எங்கூட பேசறதில்லை.