ஐந்தாம் முனை

பிரிட்டனில் ரேடியோ அலை வழியே மீட்டர்களை இரவு விலைக்கு மாற்றிவந்த ரேடியோ டெலிஸ்விட்ச் சேவைக்கு விதித்த கெடு 2025 ஜூன் 30-உடன் முடிந்தது. அன்றே ஒரேயடியாக அணைக்காமல் வட்டாரம் வட்டாரமாக நிறுத்தத் தொடங்கினார்கள் என்பது நமக்குக் கிடைத்த சிறு மூச்சுவிடும் நேரம், அவ்வளவுதான். மீட்டர் மாற்றப்பட்ட ஒவ்வொரு ஃப்ளாட்டிலும் அதற்கு அடுத்து எழும் கேள்வி நம் மின்பணித் தொழிலுக்கு உரியது: எரிவாயு இல்லாத இந்த வீட்டில் இனி எந்த ஹீட்டர்? பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுவரில் மெலிதாக உட்காரும் பேனல் ஹீட்டர்களை மாட்டி, இரவுச் சுற்றையும் பகல் சுற்றையும் ஒரே கன்ஸ்யூமர் யூனிட்டில் சேர்த்துவிடுவது ஒரு நாள் வேலை. வாடகைக்கு விட்டவருக்கு அது பிடிக்கும். நமக்கும் கூலி உடனே கிடைக்கும். பெரும்பாலான ஃப்ளாட்டுகளில் அது தவறான வேலை என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. தவறு பேனல் ஹீட்டரில் இல்லை. இரண்டு சுற்றுகளை ஒன்றாக்குவதில் இருக்கிறது.

முதலில் கணக்கு. ஆண்டுக்கு 4,000 யூனிட் வெப்பம் கேட்கும் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டை எடுத்துக்கொள்வோம். 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான விலை உச்சவரம்பில் மின்சாரம் யூனிட்டுக்கு 26.35 பென்ஸ். பேனல் ஹீட்டரில் எல்லா நேரமும் அதே விலை என்றால் ஆண்டுச் செலவு 1,054 பவுண்டு. இரவு 14 பென்ஸ், பகல் 31 பென்ஸ் என்று, ஏழு மணி நேர இரவு விலை தரும் ஒரு எகானமி 7 விகிதத்தை வைத்துக்கொண்டு, வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கை இரவில் ஏற்றினால் 628 பவுண்டு. விளக்கு, சமையல் என்று பகலில் ஓடும் 1,500 யூனிட்டுக்கு விழும் கூடுதல் விலை சுமார் 70 பவுண்டு. அதையும் ஹீட்டரின் தலையில்தான் கட்ட வேண்டும், கட்டுவோம். வேண்டாத நேரத்தில் கசியும் வெப்பத்துக்கு 15 சதவீதம் கூட்டுவோம். அப்போதும் ஏறத்தாழ 790 பவுண்டுதான். வித்தியாசம் 260 பவுண்டுக்குக் குறையவில்லை. விற்பனைத் தாளில் கொட்டை எழுத்தில் வரும் "100 சதவீதத் திறன்" இந்தக் கணக்கில் எங்குமே நுழைவதில்லை. மின்தடைச் சுருளால் சூடாகும் எந்த ஹீட்டரும் வாங்கிய யூனிட்டை முழுவதுமாக வெப்பமாக்கத்தான் செய்யும். பீங்கான் தகடு, எண்ணெய், அகச்சிவப்பு என்று உள்ளே எதை வைத்தாலும் யூனிட்டின் விலை மாறாது.

இதற்கு வரும் மறுப்பு நியாயமானது. பகல் முழுவதும் பூட்டிக் கிடந்து, மாலையில் மூன்று மணி நேரம் ஓர் அறை மட்டும் சூடாக வேண்டிய வீட்டில், முந்தைய இரவே ஸ்டோரேஜ் ஹீட்டரின் எல்லாச் செங்கற்களையும் சூடேற்றி வைப்பது வீண். அதே ஃப்ளாட்டில் வேண்டிய அறையை வேண்டிய நேரத்துக்கு மட்டும் சூடேற்றி 2,600 யூனிட்டில் முடித்துவிட முடியுமானால் பேனல் ஹீட்டரின் செலவு 685 பவுண்டு. ஸ்டோரேஜ் ஹீட்டர் தோற்றுவிடும். 2018 ஜனவரியிலிருந்து அறை ஹீட்டர்களுக்கான லாட் 20 விதி கேட்கும் வாராந்திர டைமர், எலக்ட்ரானிக் தெர்மோஸ்டாட், திறந்த ஜன்னலை உணர்வது போன்ற வசதிகள் எல்லாம் இப்படிப்பட்ட வீட்டில் உண்மையாகவே உதவும். ஆக, நல்ல காப்புள்ள ஒற்றை அறை ஃப்ளாட்டுக்கு, வெளியே வேலைக்குப் போகும் ஒருவருக்குப் பேனல் ஹீட்டரைப் பரிந்துரைப்பவரோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் ஃப்ளாட் நாற்பது ஆண்டு நிற்கும், குடியிருப்பவர் இரண்டு ஆண்டில் மாறுவார். இன்று தனியாள் இருக்கும் வீட்டில் நாளை கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வரும், மறுநாள் வீட்டை விட்டு நகராத ஒரு முதியவர் வருவார். அவர்கள் திரும்பிப் பார்க்கும்போது இரவுச் சுற்று இருக்க வேண்டும்.

இங்கேதான் நாங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் விஷயத்துக்கு வர வேண்டியிருக்கிறது. வாசகர்கள் சலித்துக்கொள்வார்கள், தெரியும். டெலிஸ்விட்சோடு இருந்த பழைய ஏற்பாட்டில் மீட்டரிலிருந்து ஹீட்டர்களுக்கென்று தனியாக ஒரு லைன் புறப்பட்டது. அதே ஏற்பாட்டைத் தாங்கும் ஸ்மார்ட் மீட்டருக்கு ஐந்து முனைகள் உண்டு. ஐந்தாம் முனைதான் வெப்பச் சுற்று. அந்த வகை மீட்டர் இருக்கிறது, அதைப் பொருத்தவும் முடியும். இருந்தும் நான்கு முனை மீட்டரைக் கையில் கொண்டுவந்து, இரண்டு சுற்றையும் ஒரே முனையில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்கு எழுதுவது எளிது. அந்த எளிய வழியைத் தடுக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை. வடக்கு ஸ்காட்லாந்தின் டோட்டல் ஹீட்டிங் டோட்டல் கன்ட்ரோல் விலைத் திட்ட வீடுகளில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. அங்கே குறைந்த விலை கடிகாரத்தைப் பார்த்து வரவில்லை, கம்பியைப் பார்த்து வந்தது. வெப்பச் சுற்றில் ஓடியது எந்த நேரமானாலும் வெப்ப விலைதான். சுற்றுகளை ஒன்றாக்கிய அன்றே, மாலை ஆறு மணிக்கு ஓடும் அதே ஹீட்டர், அதே இம்மர்ஷன், பகல் விலைக்குப் போய்விடுகின்றன. ஹீட்டர் மாறவில்லை, வீடு மாறவில்லை, பில் மட்டும் மாறுகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதுபோல், அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் கூப்பிடுவது கடைசியாக அந்தப் பெட்டியைத் திறந்த மின்பணியாளரைத்தான்.

"தனிச் சுற்று எதற்கு? புதிய ஹீட்டர்களுக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறதே, 24 மணி நேர லைனில் மாட்டி இரவில் மட்டும் ஏற்றச் சொன்னால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. வெப்பத்தைப் பிடித்து வைக்கும் திறன் 45 சதவீதத்துக்குக் குறையாத புதிய தலைமுறை ஸ்டோரேஜ் ஹீட்டர்களுக்கு விசிறிக்கும் பூஸ்ட்டுக்கும் எப்படியும் 24 மணி நேர லைன் வேண்டும் என்பதால் இது கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் மீட்டர் கிரீன்விச் நேரத்தில் மாறும், ஹீட்டரின் கடிகாரம் கோடைக்கால நேரத்துக்குத் தாவும். ஏப்ரலிலும் அக்டோபரிலும், ஹீட்டர் இன்னும் ஓடும் மாதங்களிலேயே, ஏழு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பகல் விலையில் போய் விழும். மின்சாரம் போய் வந்தால் சில கடிகாரங்கள் தவறும். குடியிருப்பவர் மாறினால் அமைப்பும் மாறும். மீட்டரே லைனை ஏற்றி இறக்கும்போது இந்தத் தவறு எதற்கும் இடமில்லை. இன்னொன்றும் உண்டு. கூடத்தில் 3.3 கிலோவாட், இரண்டு படுக்கையறையிலும் 2.2, நடையில் 1.6 என்று வைத்தால் 9.3 கிலோவாட், 3 கிலோவாட் இம்மர்ஷனைச் சேர்த்தால் 12.3. வெப்பச் சேமிப்புக்கு டைவர்சிட்டி கிடையாது, ஆக 53 ஆம்பியருக்கு மேல். 60 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள வீட்டில் நள்ளிரவில் யாராவது 8.5 கிலோவாட் ஷவரைத் திறந்தால் என்ன ஆகும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தனிச் சுற்று இருந்தால் அதில் ஒரு முன்னுரிமைக் கான்டாக்டரைப் போட்டு, ஷவர் ஓடும் நிமிடங்களுக்கு மட்டும் வெப்பச் சுற்றை விலக்கி வைக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்த பிறகு எதை விலக்குவது?

ஒழுங்குமுறை ஆணையமும் அரசும் இந்த மாற்றத்தை அளந்தது எத்தனை மீட்டர் மாற்றினார்கள் என்ற ஒரே எண்ணிக்கையால். எத்தனை வீட்டில் வெப்பச் சுற்று உயிரோடு இருக்கிறது என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. மீட்டர் பொருத்துபவரின் பொறுப்பு மீட்டரோடு நிற்கிறது. அதற்கு அப்பால் உள்ள கம்பி வீட்டுக்காரருடையது, அதைச் சரிசெய்யும் செலவும் அவருடையதே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீட் பம்ப்புக்கு 7,500 பவுண்டு மானியம் தரும் அரசு, ஏற்கெனவே சுவருக்குள் இருக்கும் ஓர் இரவுச் சுற்றைக் காப்பாற்ற ஒரு பென்னி ஒதுக்கவில்லை. தேவையை இரவுக்கு நகர்த்த வேண்டும், காற்றாலை மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அதை வாங்கிச் சேமிக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அதையே செய்துகொண்டிருந்த வீடுகளின் கம்பியை அவர்கள் கண்ணெதிரே வெட்டுகிறார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான். டெலிஸ்விட்ச் போன்ற கட்டுப்பாட்டு மீட்டர் உள்ளவர்கள் ஒற்றை விகிதத்துக்கும் தடையின்றி மாறலாம் என்று 2016-இல் போட்டி ஆணையம் வாசலைத் திறந்தது. வெளியேறும் வாசலைத் திறந்தவர்கள், உள்ளே இருக்க விரும்புபவருக்குத் தரமான இருவிகிதத் திட்டம் ஒன்றையாவது உறுதி செய்திருக்க வேண்டாமா? 2025 இறுதியில் எரிவாயு யூனிட் 6.29 பென்ஸுக்கு விற்றபோது மின்சாரம் நான்கு மடங்குக்கு மேல் விற்ற நாட்டில், எரிவாயு இல்லாத வீட்டுக்கு இருந்த ஒரே தற்காப்பு இரவு விலைதான்.

எரிசக்திச் சான்றிதழ் போடும் நண்பர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண் செலவை வைத்தே கணக்கிடப்படுகிறது; மீட்டர் ஒற்றையா இரட்டையா என்று படிவம் கேட்கிறது. ஸ்டோரேஜ் ஹீட்டரும் இரட்டை மீட்டரும் இருந்த ஃப்ளாட் பேனல் ஹீட்டருக்கும் ஒற்றை மீட்டருக்கும் போனால் எண் சரியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'இ' தரத்துக்குக் கீழே போனால், விலக்குப் பதிவு இல்லாமல் வாடகைக்கு விட முடியாது. மலிவாக முடித்துக்கொண்டதாக நினைக்கும் உரிமையாளருக்கு இதை வேலை தொடங்கும் முன் சொல்லிவிடுவது நல்லது.

எப்படியும் ஹீட் பம்ப் வரத்தானே போகிறது, இந்தப் பழைய கம்பிக்காக ஏன் இவ்வளவு என்று சிலர் கேட்கலாம். வந்தால் நல்லதுதான்: பருவச் செயல்திறன் 3 என்றால் மேலே சொன்ன 4,000 யூனிட் வெப்பம் ஒற்றை விகித விலையிலேயே 351 பவுண்டுக்கு முடியும். என்ஃபீல்டில் எட்டு உயரக் கட்டிடங்களில் 400-க்கும் மேற்பட்ட ஃப்ளாட்டுகளுக்கு, பூமிக்குள் பொதுக் குழாய் போட்டு, வீட்டுக்கு ஒரு சிறிய ஹீட் பம்ப் வைத்துக் காட்டினார்கள். ஆனால் அங்கே முடிவெடுத்தது கட்டிடம் முழுவதையும் கையில் வைத்திருந்த கவுன்சில். ஆறாம் மாடியில் ஒரே ஒரு ஃப்ளாட்டை லீஸில் வைத்திருப்பவர் வெளிச்சுவரில் துளை போடவே அனுமதி கேட்டு அலைய வேண்டும். லண்டனின் ரோனன் பாயிண்ட் உயரக் கட்டிடத்தின் ஒரு பகுதி 1968-இல் எரிவாயு வெடிப்பில் சரிந்த பிறகு எரிவாயுவை விலக்கிய கான்கிரீட் பலகைக் கட்டிடங்களில் பலவும் இந்த வகைதான். இவற்றுக்கு ஹீட் பம்ப் வரும்வரை, அது பத்தாண்டோ இருபதாண்டோ, இடைக்காலத்தை ஓட்ட வேண்டியது வெப்பச் சுற்றுதான். ஹீட் பம்ப் வந்த பிறகும் வெந்நீர்த் தொட்டிக்கு அந்தச் சுற்று பயன்படும்.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் போய்ப் பார்க்கும் ஃப்ளாட்டில் நான்கு முனை மீட்டர் பொருத்தப்பட்டிருந்தால், ஐந்து முனை மீட்டர் வேண்டும் என்று மின்சாரம் விற்கும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். பதில் வரும்வரை வெப்பச் சுற்றை வெட்டாதீர்கள். முனையை மூடி, லேபிள் ஒட்டி, அப்படியே விடுங்கள். சுற்றுகள் ஏற்கெனவே ஒன்றாக்கப்பட்டிருந்தால், உங்கள் மின்பணிச் சான்றிதழில், ஏற்கெனவே உள்ள அமைப்பைப் பற்றிக் குறிப்பு எழுதும் கட்டம் வெறுமையாகப் போக வேண்டாம். வெப்பச் சுற்று எந்தத் தேதியில், யார் வேலையில், எந்த மீட்டருக்காக இணைக்கப்பட்டதாகத் தெரிகிறது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.