மணிக்கு என்ன போடலாம்?



வள்ளூரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். "எங்க மணிக்கு மூணு வயசு. சோத்த நிறுத்திட்டு பச்சைக் கறி, பச்சை மீன்னு போட்டா முடி பளபளன்னு வரும், நோயே அண்டாதுன்னு சொல்றாங்க. மாத்தலாமா சார்?" கடித ஓரத்தில் தன் நாய் மணியைப் பென்சிலால் வரைந்திருக்கிறார், ஒரு காது மடங்கியபடி. இந்தப் பக்கத்தை மணிக்கே கொடுத்துவிட்டேன்.

நாய் ஓநாய் வழி வந்தது, பச்சை இறைச்சிதான் அதற்கு இயல்பு என்பார்கள். ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் எழுதிய புத்தகம் இந்த முறையை ஊரெங்கும் கொண்டுபோனது. ஆனால் 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நாய், ஓநாய் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாய்க்கு 2 பிரதி. நாய்க்கு 4 முதல் 30 வரை. நம் வாசலில் சோறு தின்றே வளர்ந்த வயிறு அது.

நம் பக்கத்தில் மீனுக்குக் கேட்பானேன். காசிமேட்டிலிருந்து மலிவாக வரும் மத்தியையும் நெத்திலியையும் அப்படியே தட்டில் கொட்டுகிறோம். இந்த இனத்து மீன்கள் பலவற்றில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. தினமும் பச்சையாகத் தின்றால் உடம்பிலுள்ள பி1 வைட்டமினை அது அழித்துவிடும். நாய் முதலில் தட்டை மோந்துவிட்டுப் போகும், பிறகு நடை தள்ளாடும், வலிப்பும் வரலாம். அடுப்பில் நன்றாகக் கொதித்தால் அந்த நொதி செயலிழந்துவிடும்.

எனக்கு அதிகம் பயம் தருவது ஆட்டுக் குடலும் ஈரலும் நுரையீரலும்தான். கறிக்கடையில் "நாய்க்குத்தானே" என்று கேட்டால் பையில் அள்ளிப் போடுவார்கள். ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் நீர்க்கட்டிகள் இருக்கும். பச்சையாகத் தின்ற நாயின் குடலில் அவை சின்ன நாடாப்புழுக்களாக வளரும். நாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். அதன் மலத்தில் வெளிவரும் முட்டை, நாயைத் தடவிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் பிள்ளையின் வயிற்றுக்குள் போனால், பல வருடம் கழித்து ஈரலில் கட்டியாகத் தெரியும். சால்மோனெல்லாவும் அப்படியே, நாய்க்கு ஒன்றும் தெரியாது, வீட்டுக்குள் பரவிவிடும். ஃப்ரீசரில் வைத்தாலும் அந்தக் கிருமி சாகாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லேயே பச்சை இறைச்சி வேண்டாம் என்றது. நம் மே மாத வெயிலில் தட்டில் அரை மணி நேரம் கிடக்கும் கறியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பச்சைக் கறிக்காரர்கள் சொல்வதில் ஒன்று சரி: வேகவைத்த கோழி எலும்பைப் போடவே கூடாது. ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். அதே நேரம் எலும்பில்லாத வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு; குட்டிகளுக்குக் கால் வளைந்துவிடும்.

ஆகவே அம்மா, சோற்றை நிறுத்தாதீர்கள், கறியைக் கூட்டுங்கள். உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் சேர்ப்பதற்கு முன்பே மணியின் பங்கைத் தனிச் சட்டியில் எடுத்து வேகவையுங்கள். மீனில் முள்ளை விரலால் பிசைந்து எடுத்துவிடுங்கள். அளவையும் சுண்ணாம்புச் சத்தையும் பூச்சி மருந்தையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்கலாம்.

எங்கள் வீட்டு நாய், சட்டி மூடி லேசாகத் தட்டும் சத்தம் கேட்டதுமே அடுப்படி வாசற்படியில் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். ஆறும் வரை எழுந்திருக்காது. மணி எப்படிக் காத்திருக்கிறான் என்று எழுதுங்கள். இந்த முறையும் ஓரத்தில் வரைந்தே அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்