மாதர் நலம்: தராசு முள் நகராவிட்டாலும்

தேகம் பருத்த பெண்மணிகளுக்கு யாவரும் கூறும் புத்திமதி, "தினந்தோறும் நடவுங்கள்" என்பதே. நடை நன்றே. ஆயினும், டில்லியில் வாழும் நம் சகோதரிகளைக் கார்த்திகை, மார்கழியில் புகைமூட்டம் வாயிற்படியிலேயே மறித்துவிடுகின்றது. நடை நின்றதும் பயிற்சி முழுவதும் நின்றுபோகின்றது. வீட்டிற்குள்ளேயே செய்யத்தக்க பளுப் பயிற்சியைப் பற்றிப் பேசுவார் இல்லை. அஃது ஆடவர்க்கே உரியதென்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், டில்லிப் பெண்களில் 41 பேரும் மிகை எடை உடையவர்கள். பிறந்த ஊரும் புகுந்த ஊரும் இதில் ஒன்றே!

சோறும் இட்டிலியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கும்பொழுது, அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்பவை தசைகள். தசை வலுத்தால் இரத்தத்தில் சர்க்கரை தேங்குவது குறையும். இரத்த அழுத்தமும் ஓரளவு தணியும். இவ்விரண்டுமே இருதயத்தின் குழாய்களைக் கெடுப்பவை. வெறும் பட்டினியாலோ, கொழுப்போடு தசையும் கரைகின்றது. ஆகவே, பயிற்சி தொடங்கிச் சில மாதங்கள் தராசு முள் நகராவிட்டாலும் மனம் தளர வேண்டுவதில்லை. இடையை அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் எச்சரிக்கை தேவை.

கருவிகள் வேண்டா. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்க. முழங்கால் வலியுடையோர் தலையணையிட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம். சுவரில் உள்ளங்கைகளைப் பதித்துச் சாய்ந்து, தள்ளி நிமிர்க. ஒரு லிட்டர் நீர் நிறைந்த புட்டி ஏறத்தாழ ஒரு கிலோ. கைக்கொன்றாக ஏந்தித் தூக்குக. மூச்சை மட்டும் அடக்கலாகாது. அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். வாரத்தில் இரண்டு நாட்களேனும் இப்பயிற்சியும், 150 நிமிடம் நடை போன்ற உழைப்பும் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தது. வேளைதோறும் பருப்போ சுண்டலோ தயிரோ இலையில் இருக்கட்டும்.

இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்ட பின்னரே தொடங்குக. பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாக மட்டும் வருவதில்லை. மூச்சுத் திணறல், காரணமற்ற பெருஞ்சோர்வு, தாடையிலோ முதுகிலோ வலி என்றும் வரும். வாயு என்று ஓமம் மென்று காலங்கடத்தாமல், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.