பட்டறையில் விட்டால் வாரன்டி போய்விடுமா?

காரைக்குடி செக்காலைச் சாலைப் பக்கம் ஒரு பட்டறை. பைக் வாங்கி எட்டு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி செயினை மட்டும் இறுக்கித் தரச் சொன்னார். "வேற எதுலயும் கை வச்சுராதீங்கண்ணே, வாரன்டி போயிரும்." மெக்கானிக் சிரித்துக்கொண்டே பின்சக்கர நட்டைத் தளர்த்தினார். இரண்டு பக்கமும் கோடு பார்த்துச் சமமாக இழுத்து, செயினை விரலால் தூக்கிப் பார்த்து, நட்டை முறுக்கினார். ஐந்து நிமிட வேலை.

அந்தப் பயம் ஷோரூமில் சாவியோடு சேர்த்துக் கொடுக்கப்படுவது. வெளியே கை வைத்தால் வாரன்டி போச்சு, கம்பெனி சர்வீஸ்தான் பாதுகாப்பு என்று ஊரே நம்புகிறது. முதல் பேச்சில் நியாயமில்லை, இரண்டாவதற்கு ஆதாரமில்லை.

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் பூட்டி வைத்ததுதான் குற்றம். வண்டியை வெளியே பழுது பார்த்ததற்காக மட்டும் வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யக்கூடாது, அந்த வேலையால் கெட்ட அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றும் சொன்னது. அபராதம் பற்றிய சண்டை மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கு காரைப் பற்றியது, பைக்குக்கு என்ன என்று கேட்கலாம். நான்கு சக்கரத்துக்கு நியாயமானது இரண்டு சக்கரத்துக்கு அநியாயமாகிவிடாது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் வாரன்டி வாசகங்கள் மீதே 2022இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, மாற்ற வைத்தது.

பட்டறையில் போலி சாமான் போடுகிறார்களே என்பார்கள். போடுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நல்ல பட்டறைக்காரர் உங்கள் கண் முன்னால் பிரிப்பார், கழற்றிய பழைய சாமானைக் கையில் கொடுப்பார். சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நமக்கு ஜாப் கார்டுதான் சொல்ல வேண்டும். என் வண்டிக்கு முழு வயரிங் செட்டும் மாற்ற வேண்டும் என்று ஒரு சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்தார்கள். பட்டறையில் ஒரு வயர் இணைப்பைச் சுத்தம் செய்ததோடு சரியாகிவிட்டது. வீட்டுத் தரையில் ஆத்தங்குடிக் கல் ஒன்று உடைந்தால் ஒரு கல்லை மாற்றுவோம். வளவு முழுவதையும் பெயர்க்கச் சொல்கிறவரை வீட்டுக்குள் விடுவோமா?

உண்மையான ஆபத்து வேறு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தது. பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. ஸ்பேனரை வைத்துக் கண்டுபிடித்த கோளாறை இப்போது ஸ்கேனர் போட்டுப் படிக்க வேண்டும். பல கோளாறுகளை முழுதாகப் படிக்கிற மென்பொருள் கம்பெனி கையில். 1953இலிருந்து காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியில் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. அதே ஊர்ப் பட்டறைக்காரருக்கு மின்சார ஸ்கூட்டரின் கோளாறு எண் எதைச் சொல்கிறது என்று பார்க்க வழியில்லை. அவருக்குத் திறமை இல்லை என்று சொல்வது, சாவியை ஒளித்து வைத்துவிட்டுக் கதவு திறக்கத் தெரியாதவன் என்று ஏசுவது மாதிரி.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது வாகனங்களையும் பட்டியலில் சேர்த்தது. ஸ்கேனர், கையேடு, அசல் சாமான் மூன்றும் நியாய விலைக்கு எல்லாப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும். அதைச் சட்டமாகக் கேட்போம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது இது. இலவச சர்வீஸைத் தவறவிடாதீர்கள். வெளியே பார்த்த வேலைக்கு பில் வாங்கி வையுங்கள். வாரன்டி கிடையாது என்று சொன்னால், "எந்த வேலையால் எது கெட்டது? எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.