வாளுக்கு வம்சாவளி உண்டா?

திற்பரப்பிலே அருவி உண்டு, மகாதேவர் கோயில் உண்டு. இப்போது சாமுராய் வாளும் வந்துவிட்டது. கைபேசியில் படம் பார்த்துப் பணம் கட்டிய கனவான் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். முன்னூறு வருஷப் பழசாம்!

ஐயா, அந்த ஊர்க் கொல்லன் தன் பெயரை வெட்டுவது கைப்பிடிக்குள் மறையும் அடிப்பாகத்தில். வியாபாரி படத்தில் காட்டுவதோ பளபளக்கும் அலகை. பிடியைக் கழற்றினாலும் நிச்சயமில்லை. புகழ்பெற்ற கொல்லர் பெயரைப் பொய்யாக வெட்டுவது அங்கே பழைய தொழில். இரண்டாம் உலகப் போருக்காக யந்திரத்தில் அடித்துக் குவித்த பட்டாளத்து வாள்கள் வேறு இருக்கின்றன.

நம் மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி 1809-இல் உயிர்விட்டார். அவர் வாளைக் கிளிமானூர் அரண்மனை சுமார் 150 ஆண்டுகள் காத்து, 1957-இல் தேசத்துக்குக் கொடுத்தது, விலை பேசவில்லை. 2010-இல் அது தில்லியிலிருந்து திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியத்துக்குத் திரும்பியது. யார் கையிலிருந்து யார் கைக்கு என்று வரிசையாகச் சொல்லலாம். உங்கள் வாளுக்கு முந்தின சொந்தக்காரர் யார் என்றால், ரசீதை நீட்டுகிறீர்கள்.